இரண்டு கோப்பை கூடுதலாக

நவரட்ணராஜா மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டம் என்றால் இம்மியும் பிசகமாட்டார். அப்படியொரு மனிதரோடு குடும்பம் நடத்திய பாடு சரோஜினிதேவிக்குத்தான் தெரியும்.

சில வருடங்களாக அவருக்கு வலது கை நடுக்கம். பார்கின்சன் நோய் என்றார்கள். நடுக்கம்தானே, சமாளிக்கலாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். போன மாதம் கண்டி டாக்குத்தர் இன்னொன்றும் சொன்னார்.

"மூளையிலையும் மாற்றம் துவங்கீட்டுது அம்மா. மறதி வாறதுக்கு முந்தியே, இல்லாத ஆக்கள் கண்ணுக்குத் தெரியலாம்."

அவள் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் அந்த ஆட்கள் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்தே விட்டார்கள். "யாழ்ப்பாணத்திலையிருந்து அண்ணையும் மச்சாளும் வந்திருக்கினம். தேத்தண்ணி குடுமன்" என்பார், வெறும் கதிரைகளைக் காட்டி. போரில் இடம்பெயர்ந்த அண்ணனைப் பற்றி ஒரு வருடமாகச் சேதியே இல்லை. சரோஜினிதேவி மறுபேச்சின்றி நாலு கோப்பை வைத்தாள். அவர் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதியவேண்டிய காலம் அது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து மனிதர் தள்ளாடித் தள்ளாடிப் போய், வீட்டில் இரண்டு பேர் தங்கியிருப்பதாக அறிவித்துவிட்டார். கடமை தவறாதவர் அல்லவா!

பின்னேரம் ஜீப் வந்தது. மேசையில் நாலு கோப்பை. இரண்டில் தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது. பொலிசார் அலுமாரியைத் திறந்தார்கள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள்.

"எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று சிங்களத்தில் அதட்டினார் சார்ஜன்ட்.

"இதோ இருக்கிறார்களே, மாத்தையா" என்று கதிரைகளைக் காட்டினார் நவரட்ணராஜா, அழகான சிங்களத்தில்.

"விளையாடுகிறீர்களா? இரண்டு பேரும் ஜீப்பில் ஏறுங்கள்!"

உண்மையைச் சிங்களத்தில் சொன்னாலும் கணவருக்கு விளங்கும். சொல்லாவிட்டால் இந்த உடம்பைக் கொண்டுபோய்ச் சீமெந்துத் தரையில் இருத்துவார்கள். சரோஜினிதேவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அங்கே ஒருவரும் இல்லை, மாத்தையா. இவருக்கு மூளையில் வருத்தம். இல்லாதவர்கள் தெரிகிறார்கள். இவர் மனம் நோகக்கூடாதென்று நான்தான் தேநீர் வைத்தேன்."

அவருடைய மருந்துக் குளிசைகளைக் கொண்டுவந்து காட்டினாள். சார்ஜன்ட் குளிசையைப் பார்த்தார், நடுங்கும் கையைப் பார்த்தார். "தனியே வெளியில் விடாதே, அம்மா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நவரட்ணராஜா கதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமில்லை, பயம்.

"அப்ப சரோ, நீர்? நீர் இருக்கிறீரோ?"

சரோஜினிதேவி அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள்.

"இருக்கிறனப்பா. தொட்டுப் பாருங்கோ."

கச்சேரிக்காரர் சும்மா நம்புவாரா? நெற்றி, மூக்கு, நாடி என்று நடுங்கும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணீரையும் தொட்டார்.

பிறகுதான் "ஓம், இருக்கிறீர்" என்றார்.