சரியாச் சொல்லுங்க

பக்கவாதம் வந்த மூன்றாவது மாதத்தில், கையைப் பிடித்துக்கொண்டால் கிருபாகரன் நடந்தார். பேச்சுதான் சரியாக வரவில்லை. சொற்கள் இடம் மாறி வந்தன. தலையணையை வலை என்றார். மூக்குக்கண்ணாடியைச் சாவி என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, எதற்கெடுத்தாலும் கடலும் இரும்பும்தான் நாக்கில் ஏறின.

அவர் மனைவி அற்புதமணி நாசரேத்தில் படித்து, முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். தினமும் பேச்சுப் பழக்குங்கள் என்று டாக்டர் சொன்னதைப் பாடமாக்கிக்கொண்டாள். ஒரு நோட்டில் படங்களை ஒட்டி, அவர் சொல்வதை அன்றன்று பக்கத்தில் எழுதினாள். பெயரைச் சரியாகச் சொன்னால்தான் பொருள் கைக்கு வரும். "தண்ணி" என்று அவர் சொல்லும்வரை தம்ளரைக் கையிலேயே வைத்திருப்பாள். விட்டுக்கொடுத்தால் தப்பே பழகிவிடும் என்று நம்பினாள். வகுப்பில் அப்படித்தான் அவள் ஜெயித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த நேரம், சாத்தான்குளத்திலிருந்து அவர் தம்பி நேசக்குமார் வந்திருந்தார். மூவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் திடீரென்று, "கப்பல்" என்றார்.

"அண்ணனுக்கு ஹார்பர் ஞாபகம்தான் போல, மைனி" என்றார் நேசக்குமார்.

"மணி... கப்பல். கப்பல்." இடது கை பின்கட்டைக் காட்டியது.

அற்புதமணிக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழவில்லை. கொழுந்தன் முன்னால் அவர் ஒரு சொல்லையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"கப்பல் இல்லங்க. யோசிச்சுச் சரியாச் சொல்லுங்க. பா..."

அவர் உதடுகள் துடித்தன. "பா... பா... கப்பல்." அதன்பின் நாற்காலிக்குக் கீழே தரை நனைந்தது.

நேசக்குமார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கிருபாகரன் யாரையும் பார்க்கவில்லை. அவள் வேட்டியை மாற்றிவிடும்போதும் கண்களை மூடியே இருந்தார்.

அதன்பிறகு பதினோரு நாள் அவர் வாயே திறக்கவில்லை. பசித்தாலும் கேட்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் மகள் ஜெஸ்மி, "அப்பா ஏம்மா பேச மாட்டேங்காங்க?" என்றாள். "அசதியா இருக்காங்க" என்று அற்புதமணி பொய் சொன்னாள். மாலையில் ஜெபிக்க உட்கார்ந்தால், விளங்கியும் எழாத அந்த ஒரு நிமிடமே முன்னால் வந்து நின்றது.

பன்னிரண்டாம் நாள் நோட்டைப் புரட்டினாள். தவறு என்று தான் சிவப்பு மையில் அடித்தவற்றை வரிசையாகப் படித்தாள். தலையணை எல்லா நாளும் வலைதான். பாத்ரூம் எல்லா நாளும் கப்பல்தான். அவர் உளறவில்லை. அவரிடம் ஒரு பேச்சு இருந்தது, அதைத் தான் படிக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது.

அருகில் போய், "கப்பலுக்குப் போவமா?" என்றாள்.

கேலி செய்வதாக நினைத்துவிட்டார். கண் கலங்க, அவள் கையைத் தட்டிவிட்டார்.

அவள் அதோடு விடவில்லை. அன்றிலிருந்து பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம், "நான் கப்பலுக்குப் போயிட்டு வாரேன்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாக்கு கூசியது. நாலாம் நாள் காலையில் அவர், "போ" என்றார். சாயங்காலம் அவரே கை நீட்டி, "கப்பல்" என்றார். அவள் உடனே எழுந்தாள்.

பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. இரண்டொரு தடவை திருத்தவும் செய்தாள். பாதியில் உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணி. அன்னைக்கு... தம்பி... ஒனக்கு வெளங்கிச்சு."

எல்லாச் சொற்களும் சரியாக இருந்தன.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாங்க. வெளங்கிச்சு. வேணும்னுதான் எழும்பல."

அவர் தட்டைத் தள்ளி, "கொடி" என்றார்.

அது புதிய சொல். அவள் சட்னியை நகர்த்தினாள். இல்லை என்று தலையசைத்தார். சீனியைக் காட்டினாள். அதுவும் இல்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள், ஃபேனைக் கூட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் நிறுத்தாமல் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே இருந்தாள்.