எண்ணெய் காயாத பிரவுனிங்

...எண்ணெய் காயவில்லை, அதுதான் பெர்னடெற்றை விடாமல் குடைந்தது, பொலிசுக்குப் போன் அடித்துச் சொல்லியாகிவிட்டது, வருவார்கள், கொண்டுபோவார்கள், அதோடு முடிந்தது என்று இருந்துவிடலாம்தானே, ஆனால் விரல் நுனியில் ஒட்டிய அந்த எண்ணெயைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து மணந்து பார்த்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தாள், தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரித்தான், அவளுக்குத் தெரியாதா, ஒரு வருசம் மெஷினைத் தொடாமல் விட்டால் எண்ணெய் மஞ்சளாகிப் பிசினாகிவிடும், இது வழுக்குகிறது, யாரோ நேற்றோ போன கிழமையோ விட்டது மாதிரி வழுக்குகிறது. அவளுடைய மனுசன் ஞானரட்ணம் செத்து ஒரு வருசம் தாண்டிவிட்டது. செத்த மனிதன் ஏணி வைத்துக் கூரைக்குக் கீழே இருக்கிற லொஃப்டுக்கு ஏறி எண்ணெய் விடுவானா? குளிர் இறங்காமல் கூரைக்குப் பஞ்சு அடிக்க ஆட்கள் வருகிறார்கள், லொஃப்டை வெறுமையாக்கி வையுங்கள் என்று கவுன்சிலில் சொன்னதால்தான் காலையில் மூச்சு வாங்க வாங்க ஏறினாள், அவர் லண்டனுக்கு வந்திறங்கிய அந்தப் பழைய சூட்கேசைத் திறந்தாள், கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் பாரமாக ஏதோ, குறடு என்றுதான் நினைத்தாள், உருவினால் கைத்துப்பாக்கி, கறுப்பாக, பிடியில் மரம் தேய்ந்து, பக்கத்தில் பிரவுனிங் என்று எழுத்து வெட்டி... கீழே கொண்டுவந்து மேசையில் ஒரு துவாயை விரித்து வைத்த பிறகு அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியவில்லை, யன்னல் பக்கம் திருப்பினால் அடுத்த வீட்டுத் தோட்டம், அடுப்புப் பக்கம் திருப்பினால் காஸ், கடைசியில் பின்சுவருக்குத் திருப்பிவிட்டு போனை எடுத்தாள், கஸ்பண்ட், டெட், ஸ்மோல் கன், லொஃப்ட், தெரிந்த இங்கிலீசையெல்லாம் கொட்டினாள், தொடாதே, இருந்த இடத்திலேயே இரு, ஆட்கள் வருகிறார்கள் என்றாள் போனில் இருந்தவள். பிறகு மகளுக்கு அடித்தாள், மொழிபெயர்க்க வா பிள்ளை என்று. அதற்கும் பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

எத்தனை கலியாண வீடு, லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரிலும் ஈஸ்ட் ஹாமிலும் எத்தனை மண்டபம், எங்கே போனாலும் ஞானரட்ணம் வாசலைப் பார்த்துத்தான் இருப்பார், பொம்பிளை மாப்பிள்ளை மேடையில் இருந்தால் என்ன, அவருக்கு வாசல்தான் மேடை, முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லாத கதிரையில் அவர் இருந்து அவள் கண்டதில்லை, பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்து செய்து வந்த பழக்கம் என்று அவளே ஒரு காரணம் சொல்லிச் சமாதானமானாள், மற்றவர்களுக்கும் அதையே சொன்னாள், ஊரில் இயக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தவர் என்பது தெரியும், நோட்டீஸ் ஒட்டினதாம், அவ்வளவுதான், கலியாணத்துக்கு முதல் அவர் சொன்னது அவ்வளவுதான், அவள் தோண்டவில்லை, ஆம்பிளையின் மனதைத் தோண்டாதவள் நல்ல பெண்சாதி என்று யார் அவளுக்குச் சொல்லித் தந்தது? இந்த வீட்டில் லொஃப்டுக்கு ஏறுகிறவர் வேறு யார்? பொய்லர் திருத்த வந்தவன் ஒருதரம் ஏறினான். பிறகு... தண்ணித் தொட்டியைப் பார்க்க வேணும், ஒழுகுதோ தெரியேல்லை என்று ஒவ்வொரு தரமும் ஏணியை இழுத்துப்போட்டு ஏறுகிறவள்... இல்லை, இருக்காது, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், ஒரு எலியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிறவள், தகப்பன் போன பிறகும் வீட்டைக் கவனிக்கிறாளே என்று கோயிலில் பியற்றிஸ் அக்காவிடம் எத்தனை பெருமை பேசினாய் நீ, இருக்காது.

கதவுத் திறப்பு திரும்பும் சத்தம், பெர்னடெற் எழும்பினாள், மகள் றொசாந்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள், மேசையைப் பார்த்தாள், ஐயோ என்று கத்துவாள், இது என்ன என்று கேட்பாள், கேட்க வேண்டும், ஆண்டவரே அவள் கேட்க வேண்டும் என்று பெர்னடெற் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தள்ளி நில்லுங்கோ" என்றாள் மகள். அவ்வளவுதான். தாயின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அதை எடுத்தாள், சுட்டுவிரல் விசைக்குள் போகவில்லை, பக்கவாட்டில் நீட்டியபடி நின்றது, வாயைச் சுவரிலிருந்து விலக்காமல் பெருவிரலால் எதையோ அமத்த அடியிலிருந்து குண்டு அடைக்கும் மகசீன் கழன்று மற்றக் கையில் விழுந்தது, மேல் இரும்பைப் பின்னுக்கு இழுத்துக் கொளுவி, திறந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, சின்னிவிரலை விட்டுத் தடவியும் பார்த்து, திறந்தபடியே துவாயில் வைத்தாள், ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு மாம்பழத்தை ஒழுங்காகச் சீவத் தெரியாத இந்தக் கைகளா? தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் கையைத் தான் இன்றுதான் பார்க்கிறேன் என்று பெர்னடெற்றுக்குத் தோன்றியது, திரும்பக் கதிரையில் இருந்தாள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள். மகள் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்திலை ஏ லெவல் படிக்கேக்கை இருந்து" என்றாள். அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள், தமிழ்ப் பூசைக்கு அவள் தனியே பஸ் பிடித்துப் போன ஞாயிற்றுக்கிழமைகள், மனுசன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிறார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாளே, நற்கருணையை நாக்கில் வைத்துக்கொண்டு அவர்களுக்காக மன்றாடினாளே, அப்போது இரண்டு பேரும் மேலே லைட்டைப் போட்டுக்கொண்டு இதைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். றொசாந்தி சொல்லச் சொல்ல அவள் கேட்டாள், நோட்டீஸ் ஒட்டினது பொய், அவர் இருந்தது ஒரு சின்ன இயக்கம், மற்ற இயக்கம் ஒரே இரவில் அவருடைய கூட்டாளிகளைச் சுட்டு முடித்தபோது கிணற்றுக்குள் இறங்கி ஒளித்துத் தப்பியவர், இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகு ஒருநாள் பெற்றோல் அடிக்க வந்தவனின் முகத்தில் அந்த இரவின் முகம் ஒன்றைக் கண்டாராம், அவன்தானோ இல்லையோ அவருக்கே நிச்சயமில்லையாம். "அதுக்குப் பிறகுதான் றொம்ஃபோர்ட்டிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவனிட்டை வாங்கினது அம்மா. அவன்ரை அப்பா உலகச் சண்டையிலை இருந்து கொண்டுவந்ததாம். கைத்துவக்கு வைச்சிருக்கக் கூடாதெண்டு இங்கை சட்டம் வந்து எல்லாரும் கொண்டுபோய்க் குடுக்கேக்கை இவன் மட்டும் குடுக்கேல்லை." "குண்டு?" "குண்டு இல்லை. அப்பாவுக்கு ஒருக்காலும் குண்டு கிடைக்கேல்லை." பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு, இத்தனை வருசம் வெறும் இரும்பு, வெறும் இரும்புக்கு எண்ணெய், வெறும் இரும்புக்குக் கம்பளிக் காலுறை, "பின்னை ஏன் உள்ளுக்கை விரலை விட்டுப் பார்த்தனீ?" "இருக்கெண்டு நினைச்சுத்தான் எப்பவும் பிடிக்க வேணும் எண்டு அப்பா பழக்கினவர். ஒருத்தரையும் பாத்து நீட்டக் கூடாது, விளையாட்டுக்கும் நீட்டக் கூடாது." எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், பெர்னடெற்றுக்குக் கார் ஓட்டப் பழக்க வந்து முதல் வளைவிலேயே கத்திவிட்டு இறங்கி நடந்த மனுசன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" மகள் கையிலிருந்த மகசீனைத் துவாயில் வைத்தாள். "சொல்லு பிள்ளை, பொலிஸ் வரப்போகுது." "அம்மாவுக்குச் சொல்லாதை, அவ அடுத்த நிமிசமே பொலிசுக்கு அடிப்பா எண்டவர்." மேசையில் துவாய்க்குப் பக்கத்தில் போன் கிடந்தது. அடித்தாள்தானே, அடுத்த நிமிடமே அடித்தாள்தானே, ஒரு சேலை எடுத்தால்கூட அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியாதவர் என்று எண்ணியிருந்தாள், இதை மட்டும் இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார், தெரிந்து வைத்து அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறார், மகளை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு. "செத்த பிறகாவது எறிஞ்சிருக்கலாமேடி." "எங்கை எறியிறது? ஒரு பிள்ளை கண்டெடுத்தால்?" மகள் துவாயின் சுருக்கை நீவியபடி, "துடைக்கேக்கை அப்பா பக்கத்திலை இருக்கிற மாதிரி இருந்தது" என்றாள், பிறகு குரல் உடைந்து, "ஐஞ்சு வருசம் அம்மா, வைச்சிருந்ததுக்கே ஐஞ்சு வருசம் உள்ளுக்கை போடுவாங்கள், பள்ளிக்கூடமும் போயிடும்." அப்போதுதான் பெர்னடெற்றின் கோபம் எங்கோ போய்ப் பயம் வந்து குந்தியது. "நான்தான் துடைச்சனான் எண்டு சொல்லுறன். நீ அப்படியே சொல்லு. வயது போனவளை என்ன செய்யப் போறாங்கள்?" மகள் வாயைத் திறக்க முதல் அழைப்பு மணி அடித்தது.

பொலிஸ், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், இடுப்பில் அவர்களுக்கும் துவக்கு, குண்டுள்ள துவக்கு. அந்தப் பெண் மேசையைப் பார்த்து, குனிந்து மணந்து, கனநேரம் ஏதோ கேட்டாள், கைகளை விரித்து விரித்துக் கேட்டாள், றொசாந்தி தாயின் பக்கம் திரும்பி, "வேறை ஆருக்கும் தெரியுமோ எண்டு கேக்கினம் அம்மா" என்றாள். பெர்னடெற் நிமிர்ந்து இருந்தாள். "எனக்கு எப்பவோ தெரியும். அந்த மனுசன் என்னட்டை எல்லாம் சொன்னவர். நான்தான் எண்ணெய் விட்டு வைச்சனான்." சொல்லும்போது பொய்யாகவே தெரியவில்லை, அப்படி ஒரு மனுசனோடு வாழ்ந்துவிட்ட மாதிரிக்கூட ஒரு கணம் இருந்தது. மகள் கண்ணிமைக்காமல் பொலிஸ்காரியைப் பார்த்துச் சொன்னாள், அமைதியான, தெளிவான இங்கிலீசு, மெதுவாகப் பேசினால் பெர்னடெற்றுக்கு விளங்கும் இங்கிலீசு, அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, இன்று காலைதான் கண்டவ, என்னவென்று தெரியாமல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டா, நான் வந்துதான் வெறுமையோ என்று பார்த்து வைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பெர்னடெற் சொன்னதில் எண்ணெயைத் தவிர ஒரு சொல் அதில் இல்லை. பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள், மற்றவன் கையுறை போட்டு அதை ஒரு பெட்டிக்குள் வைத்தான், போகும்போது அவள் பெர்னடெற்றின் தோளில் தட்டிச் சிரித்துவிட்டும் போனாள்.

தப்பிவிட்டோமா, இன்னும் வருவார்களா, தெரியாது, றொசாந்தி தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள், என் பிள்ளை என்னைக் காப்பாற்றினாள், தன்னையும் காப்பாற்றினாள், எவ்வளவு அழகாக, எவ்வளவு சீராக, அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறாள், எங்கே... ஆஸ்பத்திரியில், கட்டிலடியில், டொக்டர் கனநேரம் பேசினான், அவள் அழுதுகொண்டிருந்தபடியால் ஒன்றும் காதில் விழவில்லை, ஞானரட்ணம் கண்ணைத் திறந்து மகளிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார், மகள் ஏதோ சொன்னாள், டொக்டர் தலையாட்டினான், பிறகு இதே குரலில், இதே முகத்தோடு றொசாந்தி இவள் பக்கம் திரும்பி, "நோவில்லாமல் நித்திரையிலை போவாராம் அம்மா" என்றாள்... அவர்கள் மூன்று பேரும் அவ்வளவு நேரம் பேசினார்கள். இவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம்.