கோமளவல்லி அக்காவின் அரோகரா

எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நோயாளியைத் தூக்கும்போது யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்து "அரோகரா" என்போம். அந்தச் சொல்லோடு உடம்பு கட்டிலுக்குப் போய்விடும். மூத்த நர்ஸ் கோமளவல்லி அக்கா சொன்னால் வாசல்வரை கேட்கும். அவருடைய குட்டு அந்தச் சத்தத்தில்தான் மறைந்திருந்தது.

வருஷக்கணக்கில் ஆட்களைத் தூக்கி அக்காவின் இடுப்பு போய்விட்டது. கூடுதலாக அட்டெண்டர் கேட்டுக் கேட்டு எங்கள் வாய்தான் வலித்தது. விஷயம் தெரிந்தால் அவரை ஊசி போடும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். "அங்க போனா நான் செத்தேன்டி வரலட்சுமி" என்பார். அதனால் அவர் கை வைப்பார், குரல் கொடுப்பார். பாரத்தை நான் வாங்கிக்கொள்வேன். எனக்கு அப்போது இளவயசு, திமிர்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகையன்று, இருந்த ஒரே அட்டெண்டரையும் மலைக்கோயிலில் போட்ட மருத்துவ முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். காவடி எடுத்து வெயிலில் மயங்கி விழுந்த அம்மையார்குப்பத்து நெசவாளி வீரபத்திரனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நல்ல கனம். உடம்பெல்லாம் பாலும் விபூதியும் வழுக்கின. கூட வந்தது மைத்துனன் மட்டும். நான் குளுக்கோஸ் பாட்டில் எடுக்க உள்ளே போயிருந்தேன்.

"சீக்கிரம்மா, எங்க பாவா பேசமாட்டேன்றாரு!" என்று அவன் அழுதது கேட்டது. அடுத்து அக்காவின் "அரோகரா". உடனே தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடி வந்தேன். மைத்துனன் தன் பக்கத்தைத் தூக்கியிருக்கிறான். அக்காவின் பக்கம் எழவில்லை. வீரபத்திரன் நெற்றி பிளந்து தரையில் கிடந்தார்.

டாக்டர் சூர்யநாராயணன் வந்ததும் மைத்துனன் முந்திக்கொண்டான். "என் கைதாங்க வழுக்கிடுச்சி."

அக்கா பழியை அவன் தலையிலேயே விட்டிருக்கலாம்.

"அவரு மேல தப்பில்லீங்க" என்றார் அக்கா. "நான் தூக்கவே இல்ல. ரொம்ப நாளா யாரையும் தூக்கறதில்லீங்க. சும்மா கத்திகினு இருந்தேன்."

டாக்டர் குனிந்து வீரபத்திரனின் காயத்தைப் பார்த்தார். "இதுக்கு மேல உங்கள இங்க வெச்சிக்க முடியாது சிஸ்டர்."

"ஆங், தெரியுங்க. இவருக்குத் தையல் போட்டு முடியறவரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

தையலுக்கு அக்காவே நூல் கோத்து நீட்டினார். சாயங்காலம் வீரபத்திரன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

மறுநாளே அக்காவை மாற்றினார்கள். அவருக்குப் பதில் ஆள் போடவில்லை. அடுத்து வந்த நோயாளியை நான் தனியாகத் தூக்கினேன்.