திரையில் ஃபைஹா

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வெள்ளியங்கிரி. அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் ஒரு உணவகத்தில், பழைய அலுவலக நண்பன் ஒருவனைப் பற்றிப் பாதி சொல்லியிருந்தார். புடவைக் கடையிலிருந்து மனைவி போனில் கூப்பிட, எழுந்து போய்விட்டார். மீதியை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் பே ஏரியாக் குன்றுகள்மேல் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்...'

(வேண்டாம். அந்த நண்பன் இனாயத்துல்லா வேலை பார்த்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

இரண்டாவது: சினிமாவுக்குப் புயலும் வெள்ளமும் கணினியில் செய்துதரும் ஒரு நிறுவனம். அங்கே மூன்று வகைக் கணினிகள்: கலைஞர்களுக்கு லினக்ஸ், படத்தொகுப்புக்கு மேக், தயாரிப்பாளர்கள் கையில் விண்டோஸ். ஒரே காட்சி மேக்கில் வெளிறும், விண்டோஸில் இருளும். ஒரு ஃபோல்டரில் போட்ட வீடியோக்களை மொத்தமாக எடுத்து, மூன்றிலும் ஒரே நிறத்தில் தெரியும்படி மாற்றித் தரும் புரோகிராமை எழுதியவன் இனாயத்துல்லா.

(இதற்கு மேல் விளக்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

3

பிரசவத்துக்குக் கீழக்கரை போன கமருன்னிசா இன்னும் திரும்பவில்லை. மகள் ஃபைஹா நடக்கத் தொடங்கிவிட்டாள். அவன் அவளை நேரில் பார்த்ததே இல்லை. விசா நீட்டிப்பு இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஊருக்குப் போனால் திரும்பிவர முடியுமா என்பதற்கு வக்கீலே உறுதி தரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழந்தை நடக்கும் வீடியோ சிடியில் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் கண்கள்—

இல்லை, அவன் அப்படி அழுகிற ஆள் இல்லை. மூன்று கணினிகளிலும் போட்டுப் பார்த்தான். மூன்று நிறத்தில் மூன்று பிள்ளைகள். எது சரி என்று போனில் மனைவியைக் கேட்டான்.

"ஒங்க புள்ள என்ன நெறம்னு என்கிட்டயா கேக்குறீங்க? வந்து பாருங்க மச்சான்."

4

சரியான நிறம் கிடைக்கட்டும் என்று வீடியோவைத் தன் புரோகிராமின் ஃபோல்டரில் போட்டான். அதில் விழுவதெல்லாம் மறுநாள் காலைத் திரையிடலிலும் தானாகச் சேர்ந்துவிடும் என்பது அவனுக்கு நினைவில்லை. அந்த விதியை எழுதியவனும் அவன்தான்.

காலையில் எல்லோரும் சின்னத் திரையரங்கில் கூடி, முந்தைய நாள் வேலையைப் பார்ப்பார்கள். ஷாட்டைச் செய்தவர் எழுந்து பேச வேண்டும். அதுவரை அந்த ஷாட் திரும்பத் திரும்ப ஓடும். கப்பல் கவிழும் ஷாட் முடிந்ததும் ஃபைஹா வந்தாள். நிறத்தை அளந்து சரிசெய்து வைத்த பெரிய திரை. சிவப்பு சிமெண்டுத் தரையில், இரு கையையும் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி நேரே வந்தாள்.

"ஏனுங்க பாய், இது எந்தப் படமுங்க?" என்று வெள்ளியங்கிரி காதருகே கிண்டலடித்தார். இனாயத்துல்லாவின் முகத்தைப் பார்த்ததும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாருடைய ஷாட், வேலை முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்று மேற்பார்வையாளர் கேட்டார். அலுவலகக் கணினியில் சொந்த வேலை பார்த்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊர். ஊர் என்றால் ஃபைஹா.

இனாயத்துல்லா எழுந்து நின்றான். வெள்ளியங்கிரி சொன்னது இதுவரைதான்.

5

முடிவு அ: வேலை போகிறது. விமான நிலையத்தில் ஃபைஹா அவனைக் கண்டு மிரண்டு அம்மாவின் தோளில் முகம் புதைக்கிறாள். (எழுதினேன். மனம் ஒப்பவில்லை, அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மேற்பார்வையாளர் சிரித்து, லீவு கொடுத்து— (விசாவை அவரா தருவார்?)

வெள்ளியங்கிரியின் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடவில்லை. இனாயத்துல்லா வாயைத் திறந்தால் அடுத்த ஷாட் வந்துவிடும். அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். பிள்ளை இப்போதுதான் மறுபடியும் நடக்கத் தொடங்குகிறாள்.