வீங்காத கழுத்து

"ஏழரை" என்றார் டாக்டர், பதினெட்டாவது மாட்டின் கழுத்துத் தோலை மில்லிமீட்டரில் தடிப்பு அளக்கும் காலிப்பரில் கவ்வியபடி. அவருடைய அக்கா அதை நோட்டில் எழுதிவிட்டு, "அவ்வளவுதானே? என் பிள்ளைங்க அத்தனையும் பாஸ்!" என்று தொழுவம் அதிரக் கத்தினாள். முரடி என்று பெயர் வாங்கிய மாடு மிரண்டு தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளியது.

கூடப் பிறந்தவளின் மாடுகளுக்குத் தம்பியே டாக்டரா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த வட்டாரத்தில் வேறு மாட்டு டாக்டர் கிடையாது, அவ்வளவுதான். மூன்று நாளைக்கு முன்னால் அவர் ஒவ்வொரு கழுத்திலும் காசநோய்ச் சோதனை ஊசி போட்டிருந்தார். உள்ளே அந்தக் கிருமி இருந்தால், உடம்பு ஊசி மருந்தை அடையாளம் கண்டுகொண்டு சண்டைக்கு வரும்; குத்திய இடம் வீங்கும். வீங்கிய மாட்டை வண்டி ஏற்றிவிட வேண்டும், அது திரும்பி வராது. ஒன்றும் வீங்கவில்லை என்றால் டாக்டர் ஒரு கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்தபிறகுதான் பால் நிறுவனத்தின் வண்டி இந்த வாசலுக்கு வரும். அக்கா நான்கு வருஷமாக அந்த வண்டிக்காகத்தான் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசையில் டீயை வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"போன மாசம் மொட்டை மாடு வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சில்ல? கசாப்புக் கடைக்காரர் ஈரலை மட்டும் பையில போட்டுத் திருப்பி அனுப்பிட்டாருடா! 'உங்க மாட்டு ஈரலை நீங்களே வெச்சுக்கங்க'ன்னு. வெட்டிப் பாத்தா, உள்ள குழாய்க்குள்ள தட்டையா இலை மாதிரி என்னமோ நெளியுது. ஒண்ணு ரெண்டு இல்ல, கை நிறைய. உங்க அத்தான் ரெண்டு நாள் சோறு சாப்பிடலை."

"மூணு நாள்" என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? டாக்டரின் பேனா தாளைத் தொடாமல் நின்றுவிட்டது.

"மொட்டை எங்க மேஞ்சுது?"

"எல்லாம் மேயுற இடத்துலதான். தொட்டிக்குப் பின்னால, குழாய் ஒழுகுற பக்கம். அங்கதான் புல்லு பச்சுன்னு இருக்கு."

டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். சேற்றில், புல்லின் அடியில், உளுந்து உளுந்தாகச் சின்ன நத்தைகள். ஈரல் தட்டைப்புழு அந்த நத்தைக்குள் வளர்ந்து, புல்லில் ஒட்டிக்கொண்டு, மாட்டின் வாய் வழியாக உள்ளே போகிற புழு. திரும்பி வந்து பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அக்கா, இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாது."

"ஏன், பேனால மையில்லையா?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். உடம்புக்குள் சண்டைக்காரர்கள் ஒரே வகை இல்லை. புழுவைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு வகை, காசநோய் மாதிரிக் கிருமியைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. ஈரல் புழு பெரிய தந்திரக்காரப் புழு. தான் பிழைப்பதற்காக முதல் வகையைக் கிளப்பிவிட்டு, இரண்டாவது வகையை அடக்கிவைத்துவிடும். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் காட்ட வேண்டியது அந்த இரண்டாவது வகைதான். ஆகவே நோய் இருந்தும் கழுத்து வீங்காமல் போகலாம்.

"போகலாமா, போகுமா?"

"போகலாம். உறுதியாத் தெரியாது. புழுவுக்கு மருந்து குடுத்துட்டு, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஊசி போட்டுப் பாக்கணும்."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வீங்கலைன்னா நல்லதுன்னு சொன்னதும் நீதான், வீங்கலைன்னா சந்தேகம்னு சொல்றதும் நீதான். உனக்கு ஒரு நாக்கா, ரெண்டு நாக்கா? ஊருக்கெல்லாம் நல்ல டாக்டரு, எனக்கு மட்டும் எமன்! ஏண்டா, நாளைக்கு வண்டி வருதுடா!"

"ஒரு மாடு மறைச்சு வெச்சிருந்தாலும் மத்த பதினேழுக்கும் இருமியே குடுத்துரும்க்கா. பாலையும் நல்லாக் காய்ச்சித்தான் குடிக்கணும்."

"போதும், எந்திரி."

மறுநாள் சாணியைச் சோதித்தார். பதினெட்டில் பதினான்கில் புழு முட்டை. மருந்து கொடுத்த நாட்களின் பாலை விற்கக் கூடாது என்பதால், அக்கா கறந்ததைக் கறந்தபடியே குழியில் கொட்டினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒழுகுகிற குழாயை அத்தான் மாற்றினார், ஈரப் பக்கத்துக்கு வேலி போட்டார்.

இரண்டு மாதம் அவள் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்தால் டீ வரும், பேச்சு வராது. "ஏங்க, டீ ஆறுதுன்னு உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க" என்பாள், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு. "மாப்பிள்ளை, டீ ஆறுதாம்" என்பார் அத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டாக்டர் வேறு இடங்களில் சிரித்துப் பேசி ஊசி போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு அக்காவைவிட்டால் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அவள் பேசாதது அவருக்கு வலித்தது, மறைக்காமல் சொன்னால் அழுகை வந்தது.

இரண்டாவது முறை ஊசி போட்டு மூன்றாம் நாள் காலை, அக்கா நோட்டோடு தொழுவத்தில் நின்றாள். எழுதுவது எப்போதும் அவள்தான்; அந்த வேலையை மட்டும் கோபத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தான் ஒவ்வொரு மாடாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு." எழுதினாள். "எட்டு." எழுதினாள். முரடி ஒரு முட்டு முட்டிவிட்டு, "ஏழரை" வாங்கிக்கொண்டு போனது. பத்து மாடுகள் ஆயிற்று. டாக்டருக்கு மூச்சு கொஞ்சம் இலேசாக வந்தது. தான் கிளப்பியது வீண் சந்தேகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அக்கா ஆயுசுக்கும் குத்திக்காட்டட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

பதினோராவது சீமாட்டி. பிறந்த வாரமே தாயை இழந்து, அக்கா கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த மாடு. அவள் வீட்டுக்குள் போனால் வாசல்படிவரை வந்து நிற்கும். "என் ரெண்டாவது பொண்ணு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். டாக்டர் அதன் கழுத்தில் கை வைத்தார். விரலுக்கடியில் கெட்டியாக ஒரு மேடு. காலிப்பரை வைத்தார். ஊசி போட்ட அன்று ஏழு. இப்போது பத்தொன்பது.

காலிப்பர் அவர் கையில் இருக்கிறது, எண் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எட்டு என்று சொன்னால் எட்டுதான். வண்டி வரும், அக்கா பேசுவாள். எட்டு என்ற சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர் ஒன்றுமில்லை அவர். ஆனால் மிச்சப் பதினேழும் வரிசையாக நின்று அவரைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"எவ்வளவு?" என்றாள் அக்கா. அத்தானிடம் இல்லை, அவரிடமே.

அவர் காலிப்பரை மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"சொல்லுடா. விடியக்காலையிலேயே நான் தடவிப் பாத்துட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னுதான்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்தொன்பது."

அக்கா எழுதினாள். கோணாமல், மற்ற எண்களைப்போலவே எழுதினாள். நோட்டை அத்தான் கையில் திணித்துவிட்டு, சீமாட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். வரிசையைவிட்டுத் தள்ளி, மற்ற மாடுகளின் மூச்சுப் படாத மூலைக்கு அவளே ஓட்டிப்போய்க் கட்டினாள். கொஞ்ச நேரம் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து நின்றாள். ரெண்டாவது பொண்ணு நாக்கை நீட்டி அவள் முழங்கையை நக்கியது.

திரும்பி வந்தபோது டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

"நீ ஏண்டா அழற? மாடு என்னோடது" என்றாள் அக்கா. சொன்னபிறகுதான் அவள் குரலும் உடைந்தது. சேலைத் தலைப்பால் முதலில் தம்பியின் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை. "இன்னும் ஏழு பாக்கி இருக்கு. பிடிங்க அடுத்ததை."