உறங்கிப்போன இளையவள்

இரட்டைப் பெண் குழந்தைகளுள் மூத்தவளைச் சிரிக்கவைத்துப் படமெடுத்து முடிப்பதற்குள், ஸ்டூடியோக்காரருக்கு இடுப்பே ஒடிந்துவிட்டது. இளையவளோ அழுதழுது, அப்போதுதான் தாயின் தோளில் உறங்கியிருந்தாள்.

"எழுப்புனா ஊரையே கூட்டிடுவா அண்ணே. மூத்தவளுக்கே வேற கவுனை மாட்டி இன்னொண்ணு எடுத்துடுங்க. பெத்த எனக்கே சில நேரம் அடையாளம் தெரியல," என்றாள் தாய். அவளுக்கும் கண்கள் சொருகின.

உண்மையைச் சொன்னால், விளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவருக்கும் ஆசைதான். கவுன் மாற்றியும் ஆயிற்று. ஆயினும், இளையவளுக்கென்று ஒரு படமும் இராதே என்பது அவரை உறுத்தியது. கேமராவைத் தாயின் தோள் பக்கம் திருப்பி, உறங்குபவளையே எடுத்தார்.

"கண்ணு மூடியிருக்கேண்ணே!"

"மூடியிருக்கட்டும்மா. அவ மூஞ்சிதானே?"