கடைசி ஓவருக்கு மட்டும்

பரிதி என்பது அவன் பெயர். தஞ்சாவூர் தொடங்கி வேதாரண்யம் வரையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடும் அணிகள் அவனைக் கடைசி ஓவருக்காக மட்டுமே அழைத்துக்கொள்வது வழக்கம். முதல் ஓவரை அவன் ஒருநாளும் வீசியதில்லை. மட்டை பிடித்தானாயின் கூட்டம் சிரிக்கும். மற்ற வீச்சாளர்கள் அடி வாங்கி, ஆட்டம் கைநழுவப்போகும் வேளையில் பந்தை அவனிடம் கொடுப்பார்கள். அதுவரையில் எல்லைக்கோட்டின் ஓரத்தில் ஒருவரோடும் பேசாமல் நிற்பான். தை, மாசிப் பனிக்காற்றில் விரல்கள் விறைத்துவிடாதபடி வலக்கையை இடக்கக்கத்தில் செருகியிருப்பான். ஆட்டம் முடியுமட்டும் யாருக்கும் கைகொடுக்கமாட்டான். கொடுத்தால் விரலில் பிறருடைய வியர்வை ஒட்டிக்கொள்ளும் என்பது அவன் எண்ணம்.

மழைக்காலத்தில் டிராக்டர் ஓட்டுவான். மற்ற மாதங்களில் இந்த ஓர் ஓவரே அவனுக்குச் சோறு போட்டது.

அவனை அழைக்கும் அணிகள் நிதிஷையும் சேர்த்தே அழைத்தன. நிதிஷ் வேதாரண்யத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை, விக்கெட் கீப்பர். பரிதியின் பந்தைப் பிடிக்க அவனைவிடத் தகுந்தவன் இல்லை. பரிதியிடம் இரண்டு பந்துகளே இருந்தன. ஒன்று, மட்டையாளரின் கால்விரலைத் தேடி வரும் வேகப்பந்து. மற்றொன்று, அதே கைவீச்சில் புறப்பட்டுப் பாதி வேகத்தில் வந்துசேரும் மெதுபந்து. அறுவடையான வயலில் மெதுபந்து எழும்பாது. தரையோடு உருண்டு கீப்பரையும் தாண்டிப் போய்விடும். ஆகையால், மெதுபந்து வீசுமுன் பரிதி ஒரு சைகை செய்வான். அதைக் கண்டதும் நிதிஷ் நாலெட்டு முன்னே வந்து ஸ்டம்பை ஒட்டி நிற்பான். அந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவனும் பரிதியே.

இந்தப் பருவத்தில் ஏதோ கெட்டுப்போயிற்று. மெதுபந்து வரப்போவதை மட்டையாளர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். வேகப்பந்துக்குத் தடுமாறுகிறவர்கள்கூட, மெதுபந்து வரும்போது மட்டையை ஓங்கியபடி நிதானமாகக் காத்திருந்து வரப்புக்கு அப்பால் அடித்தார்கள். பரிதி சைகையை மாற்றினான். தொப்பியைத் தொடுவதை விடுத்து, இடக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டான். மாற்றியதை நிதிஷ் ஒருவனிடமே சொன்னான். அடுத்த ஆட்டத்திலும் பந்து வரப்புக்கு அப்பாலே போயிற்று.

அன்று முதல் பரிதியின் கண்கள் நிதிஷைப் பின்தொடர்ந்தன. பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் எதிரணி மட்டையாளன் அரசப்பனோடு நிதிஷ் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். தன்னைக் கண்டதும் நிதிஷ் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியது. மேலும், நிதிஷின் கால்களில் புதிய ஷூ இருந்தது. அடியில் முள் வைத்த, விலையுயர்ந்த ஷூ. சென்ற ஆண்டுவரை அவன் வெறுங்காலோடு ஆடியவன்.

"ஏதுடா ஷூ?"

"அக்கா வாங்கிக் குடுத்துச்சுண்ணே. போன வருஷம் வயல்ல அறுத்த கட்டைத்தாள் குத்தி காலு சீழ் புடிச்சிச்சில்ல, அதான்."

"அனுசுயாவா? அது எங்க வேலைக்குப் போகுது?"

"திருப்பூர்லதான். ஏண்ணே, போலீஸ் மாதிரி கேக்குறீங்க?" என்று நிதிஷ் சிரித்தான்.

அந்தச் சிரிப்பையும் பரிதி மனத்தில் குறித்துவைத்தான். அதிராம்பட்டினத்து மணல் திடலில் மட்டும் அவனுடைய மெதுபந்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே விழாக்குழுவினர் கண்டிப்பானவர்கள். விலைபேச நிதிஷுக்கு ஆள் அகப்பட்டிராது என்று அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டான்.

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் அரையிறுதி ஆட்டம் நடந்தது. சம்பா அறுவடை முடிந்த வயல். ஆடுகளத்தை மட்டும் மண் கொட்டி உருட்டியிருந்தார்கள்; மற்ற இடமெல்லாம் இயந்திரம் அறுத்துவிட்டுப் போன காய்ந்த தாள். கடைசி ஓவர் வந்தது. அணித்தலைவன் அறிவுச்செல்வன் பந்தை உடனே கொடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. ஒரு பேச்சு அடிபடுது."

"என்னன்னு?"

"நீங்க வேணும்னே விட்டுக்குடுக்குறீங்கன்னு. நான் நம்பலண்ணே. ஆனா இன்னைக்கும் போச்சுன்னா இந்தப் பக்கம் உங்கள ஒரு டீமும் கூப்பிடாது. நானே கூப்பிட முடியாது."

"பந்தக் குடு" என்றான் பரிதி.

மட்டை பிடித்து நின்றவன் அரசப்பன். "வாய்யா, கடைசி ஓவர் கலெக்டரு! ஒரு ஓவர் போட்டுட்டு பிரியாணி தின்னுட்டுப் போற வேலை, நமக்கெல்லாம் அமையுதா!" என்று அவன் கூவ, கூட்டம் ஆரவாரித்தது.

பரிதி தொடர்ந்து வேகப்பந்தே வீசினான். அரசப்பனால் பெரிதாக அடிக்க முடியவில்லை. எஞ்சியது ஒரு பந்து. எதிரணிக்கு வேண்டியவை மூன்று ஓட்டங்கள். இன்னொரு வேகப்பந்தை வீசியிருந்தால் ஆட்டம் அநேகமாக முடிந்திருக்கும். ஆயினும் பரிதிக்கு அப்போது வெற்றியைவிட உண்மை பெரிதாய்ப்பட்டது. இடக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டான். நிதிஷ் முன்னே வந்து நின்றான். பரிதி ஓடிவந்து, தன் முழு வலுவோடு வேகப்பந்தை வீசினான்.

அரசப்பன் மெதுபந்துக்காகக் காத்திருந்தான்! மட்டை இறங்குமுன்பே பந்து அவனைக் கடந்தது. ஸ்டம்பையும் மயிரிழையில் தவறவிட்டு, கிட்ட நின்ற நிதிஷின் கைகளுக்கிடையே புகுந்து எல்லையான வரப்பைத் தொட்டது. நான்கு ஓட்டங்கள். எதிரணியினர் துள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆட்டம் தோற்றதைப் பரிதி உணரவேயில்லை. தன் ஐயம் மெய்யாயிற்று என்பதே அவனுக்கு ஒருவகை நிறைவைத் தந்தது. நேரே நிதிஷிடம் போனான்.

"யாருகிட்டடா சொன்ன?"

"என்னதுண்ணே? கைய தொடச்சீங்கல்ல? அப்புறம் ஏன் வேகமா போட்டீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஸ்லோ பால்னு அவனுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு? அந்த ஷூ யாரு குடுத்தது?"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. "கீப்பர் வித்துட்டான்டா!" என்று ஒருவன் கத்தினான். வேறொருவன் நிதிஷின் சட்டையைப் பிடித்தான். அப்போது அரசப்பன் மட்டையும் கையுமாய் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"யோவ், யாரு வாங்கினா, யாரு வித்தா? காசு குடுத்துத்தான் நான் அடிக்கணுமா? இவன் சட்டைய விடுய்யா மொதல்ல." பிறகு பரிதியின் பக்கம் திரும்பினான். "இவ்ளோ நாளா உனக்குக் கேக்கலயா? நீ ஸ்லோவா போடும்போதெல்லாம் இவன் கிட்ட வர்றான். இந்தக் காஞ்ச தாள்ல ஒரு எலி ஓடினாலே கேக்கும். இவன் ஆணி வச்ச ஷூவப் போட்டுக்கிட்டு சரக்கு சரக்குன்னு வர்றான். பின்னாடி சத்தம் கேட்டா ஸ்லோ பாலு. எங்க பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்ப்பா!"

மறுமுனையிலிருந்து ஓடிவருகிறவனுக்கு அந்த ஒலி எட்டியதில்லை. மணல் திடலில் ஒலியே இல்லை. சென்ற ஆண்டு வெறுங்கால் மெல்லப் பதிந்து வந்திருக்கிறது.

நிதிஷ் கீழே பார்த்துத் தன் ஷூவை நோக்கினான். பின்னர் மெல்லக் கேட்டான்: "அப்ப, கைய தொடச்சது என்னை ஆழம் பாக்கவாண்ணே?"

பரிதி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கையில இவரு என்னைய அவங்க டீமுக்குக் கூப்பிட்டாரு. பரிதி அண்ணன விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னேன். வேணும்னா இவரையே கேளுங்க."

அரசப்பன் ஆமென்று தலையசைத்தான். நிதிஷ் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்துச் சாலையை நோக்கி வரப்பின்மீது நடந்தான்.

கூட்டம் கலைந்தபின் அறிவுச்செல்வன் அருகில் வந்தான்.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. கீப்பர் பந்த விட்டதால தோத்தோம்னு மைக்குல சொல்லிடுறேன். அது எல்லாரும் பாத்ததுதானே? உங்க பேரு கெடாது. அடுத்த வாரம் வேற கீப்பர் வச்சுக்குவோம். நீங்க வாங்க."

"அவன் விடல. நான் மாத்திப் போட்டேன்."

"அதச் சொன்னா, வேணும்னே பண்ணீங்கன்னுதான் ஊரு பேசும். ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கண்ணே. உங்க பொழப்பே இதுதானே?"

"தெரியும் அறிவு" என்றான் பரிதி. "நீ ஒன்னும் சொல்ல வேணாம். நானே போயி மைக்குல சொல்லிடுறேன்."